படத்தினும் பறவை பெரிது



வெறுந்தரையில் இரண்டு முட்டைகள். அவற்றின்மீது தாய்ப்பறவை அமர்ந்திருக்கிறது. சற்றுத் தொலைவில் காமிராவுடன் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் இன்னும் இரண்டடி முன்னேறினால் படம் சிறப்பாக அமையும். ஆனால் பறவை எழுந்து பறந்துவிடும். வடகடலின் குளிர்காற்றில் திறந்து கிடக்கும் முட்டைகள் விரைவில் குளிர்ந்துபோகும். அருகே பாறைமீது காத்திருக்கும் பெரிய கடற்காகம் அவற்றைக் கவ்விச் செல்வதற்கோ ஒரு நொடி போதும். அந்த இரண்டடியை எடுத்து வைப்பதா, வேண்டாமா?

காட்டுப் பறவைகளைப் படம்பிடிக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்கு விடை கூறியே ஆகவேண்டும். விலையுயர்ந்த காமிராவும் நீண்ட லென்சும் இதற்கு விடை தருவதில்லை. ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளாக இக்கலை வளர்ந்து வந்துள்ள பிரிட்டனின் வடகடற்கரையில், இக்கேள்விக்கு மக்கள் எவ்வாறு விடை கண்டனர் என்பதைச் சற்றே விரிவாகக் காண்போம்.

பாறைத் தீவுகளில் ஒரு பறவைப் பட்டணம்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டி அமைந்துள்ளது நார்தம்பர்லாந்து மாவட்டம். அகன்ற மணற்பரப்புகள், மணல்மேடுகள், பழங்காலக் கோட்டைகள் ஆகியவை நிறைந்த கடற்கரை அது. அங்குள்ள சீஹவுசஸ் என்னும் சிற்றூரின் துறைமுகத்திலிருந்து படகேறினால், சிறிது நேரத்தில் ஃபார்ன் தீவுகளை அடையலாம். கரிய தீப்பாறைகளால் ஆன தீவுக்கூட்டம் இது. கடல் வற்றும்போது இருபதுக்கும் மேற்பட்ட தீவுகள் தெரியும். கடல் ஏறும்போது அவற்றுள் பல நீருக்குள் மறைந்துவிடும்.

மரம் ஒன்றும் இல்லாத இப்பாறைகளில், ஏப்ரல் முதல் ஜூலை வரை பல்லாயிரக்கணக்கான கடற்பறவைகள் வந்து கூடுகின்றன. செங்குத்தான பாறை விளிம்புகளில் கில்லிமாட் பறவைகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கும். கிட்டிவேக் என்னும் சிறு கடற்காகங்கள் தம் பெயரையே கூவிக் கொண்டிருக்கும். புல்தரையில் ஈடர் வாத்துகளும், வெற்றுத் தரையில் ஆலாக்களும், மண்ணுக்கடியில் பஃபின்களும் குடும்பம் நடத்தும். நெருக்கமும் இரைச்சலும் நிறைந்த ஒரு பட்டணம் என்றே கூறிவிடலாம்!

இத்தீவுகளில் பறவைகளுக்குப் பாதுகாப்பு அளிக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. ஏழாம் நூற்றாண்டில் இங்கே தனித்து வாழ்ந்த கத்பர்ட் என்னும் கிறித்தவத் துறவி, கூடுகட்டும் பறவைகளுக்கு எவரும் தீங்கு செய்யலாகாது என விதித்ததாக மரபுச் செய்தி கூறுகிறது. அவர் 687ஆம் ஆண்டு இத்தீவிலேயே மறைந்தார். ஈடர் வாத்தினை அப்பகுதி மக்கள் இன்றும் அவருடைய பெயரால்தான் அழைக்கின்றனர். 1925 முதல் இத்தீவுகள் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையின் பொறுப்பில் இருந்து வருகின்றன.

துப்பாக்கி தாழ்ந்தது, காமிரா எழுந்தது

இன்று படம் எடுப்பதற்காகக் குறிபார்க்கும் இக்கடற்கரைகளில், ஒரு காலத்தில் உயிர் எடுப்பதற்காகவே குறிபார்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொழுதுபோக்கிற்காகவும், பெண்களின் தொப்பிகளில் செருகும் இறகுகளுக்காகவும் கடற்பறவைகள் கூட்டங்கூட்டமாகச் சுடப்பட்டன. குஞ்சுகள் கூட்டில் பசியோடு காத்திருக்கையில் தாய்ப்பறவைகள் கடலில் வீழ்ந்தன. இக்கொடுமைக்கு எதிராக எழுந்த குரலின் விளைவாக, 1869ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. இனப்பெருக்கக் காலத்தில் அவற்றைக் கொல்வது தடை செய்யப்பட்டது.

பறவையைக் கையில் பிடித்து ஆராய்ந்த காலம் மெல்ல மறைந்து, கண்ணால் கண்டு பதிவு செய்யும் காலம் தொடங்கியது. அதன் முன்னோடிகள் யார்க்‌ஷயர் மாநிலத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த இரு சகோதரர்கள். மூத்தவர் ரிச்சர்ட் கியர்ட்டன். இளையவர் செரி கியர்ட்டன். ரிச்சர்ட், சிறுவயதில் நேர்ந்த விபத்தினால் கால் ஊனமுற்றவர். அவர் எழுத, தம்பி படம் எடுத்தார். 1892ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், லண்டனுக்கு வடக்கே ஒரு பறவைக் கூட்டினை முட்டைகளோடு செரி படம்பிடித்தார். அடுத்த மூன்று ஆண்டுகளில், காட்டில் நேரடியாக எடுக்கப்பட்ட நிழற்படங்களைக் கொண்டே பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகளை விளக்கும் நூல் 1895இல் வெளிவந்தது. 1896இல் இச்சகோதரர்கள் ஸ்காட்லாந்தின் மேற்கே அட்லாண்டிக் கடலில் தனித்துக் கிடக்கும் செயின்ட் கில்டா தீவுவரை சென்று, அங்குள்ள கடற்பறவைகளையும் மக்களையும் பதிவு செய்தனர்.

அந்நாளில் காமிரா என்பது மரப்பெட்டி. படம் பதிவது கண்ணாடித் தகட்டில். தொலைவில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும் வசதி அதற்கு இல்லை. ஆகவே பறவையின் பக்கத்திலேயே செல்ல வேண்டும். ஆனால் பறவை அஞ்சவும் கூடாது. என்ன செய்வது? கியர்ட்டன் சகோதரர்கள் செயற்கை அடிமரம் ஒன்றைச் செய்து அதற்குள் நின்றனர். போலிக் குப்பைமேடு அமைத்து அதற்குள் பதுங்கினர். 1900ஆம் ஆண்டில் ஒரு மாட்டின் தோலைக்கொண்டு உள்ளே கூடான பொய்மாடு ஒன்றினை உருவாக்கி, அதன் வயிற்றுக்குள் மனிதரும் காமிராவும் நுழைந்து படம் எடுத்தனர்! கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறதல்லவா? ஆயினும் அதன் உள்ளே ஓர் உயர்ந்த எண்ணம் இருக்கிறது. பறவை தன் இயல்பான வாழ்வைத் தொடரவேண்டும். சிரமமெல்லாம் படம் எடுப்பவரையே சாரவேண்டும்.

பின்னாளில் புகழ்பெற்ற எரிக் ஹாஸ்கிங் என்பவருடைய வாழ்விலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1937ஆம் ஆண்டு ஓர் ஆந்தையைப் படம்பிடிக்க இருளில் சென்றபோது, கூட்டைக் காத்துநின்ற அது அவருடைய இடக்கண்ணைத் தாக்கிவிட்டது. அந்தக் கண் பறிபோயிற்று. ஆனால் அவர் பறவைகளை வெறுக்கவில்லை. காமிராவைக் கீழே வைக்கவும் இல்லை. 1991இல் மறையும்வரை பறவைகளே அவருடைய வாழ்வாக இருந்தன.

தலையில் கொத்தும் விருந்தோம்பல்

ஃபார்ன் தீவுகளில் பறவைகள் கூடுகட்டும் காலத்தில் இறங்குபவர்களுக்குத் தவறாமல் கூறப்படும் அறிவுரை ஒன்றுண்டு. "தொப்பி அணிந்துகொள்ளுங்கள்!" வெயிலுக்காக அன்று, ஆர்க்டிக் ஆலாவுக்காக. கருந்தொப்பி வைத்தாற்போன்ற தலையும், குருதிச் சிவப்பான கூரிய அலகும், பிளவுபட்ட நீண்ட வாலும் கொண்ட இந்த அழகிய பறவை, நடைபாதையை ஒட்டியே முட்டையிடும். யார் அருகே வந்தாலும் மேலிருந்து பாய்ந்து தலையில் கொத்தும். குருதி கசிவதும் உண்டு.

இச்சிறு பறவையின் எடை ஏறத்தாழ நூறு கிராம்தான். 1982ஆம் ஆண்டு கோடையில் ஃபார்ன் தீவுகளில் கால்வளையம் இடப்பட்ட ஓர் ஆலாக் குஞ்சு, அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரக் கரையை அடைந்திருந்தது. 2015இல் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு கிராமுக்கும் குறைவான எடையுள்ள கருவிகளைச் சில ஆலாக்களின் கால்களில் பொருத்தினர். அவற்றுள் ஒன்று ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, இந்தியப் பெருங்கடலில் சில காலம் தங்கி, தென்துருவக் கடலை அடைந்து, மீண்டும் 2016 மே மாதத்தில் இத்தீவுக்கே திரும்பிற்று. அது கடந்த மொத்தத் தூரம் ஏறத்தாழ 96,000 கிலோமீட்டர்! உலகை இருமுறை சுற்றியதற்கும் மேலான தூரம்.

எண்ணிப் பாருங்கள். இத்தனை தூரம் பறந்து வந்தது, தரையில் சிறு குழி பறித்து இரண்டு முட்டைகளை மூன்று வாரம் அடைகாப்பதற்காகவே. அந்த மூன்று வாரத்தில் நாம் அதனைத் தொல்லைப்படுத்தினால் இவ்வளவு பெரும் பயணமும் வீணாகிப்போகும் அல்லவா?

ஈடர் வாத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அது எதிர்ப்பதில்லை, ஓடுவதுமில்லை. தன் நெஞ்சிலிருந்து பறித்த மென்தூவியைப் பரப்பி, அதன்மேல் முட்டையிட்டு, ஏறத்தாழ இருபத்தாறு நாட்கள் பெரும்பாலும் பட்டினியாகவே அடைகாக்கும். மனிதர் மிக அருகில் சென்றாலும் கல்போல் அசையாமல் இருக்கும். "அஞ்சவில்லை, ஆகவே இன்னும் நெருங்கலாம்" என்று எண்ணுவது பெரும் பிழை. அசையாமல் இருப்பது அதன் தற்காப்பு. உண்ணாமல் மெலிந்துவரும் அத்தாயைக் கூட்டைவிட்டு எழுப்பினால் முட்டைகளைக் கடற்காகங்கள் விட்டுவைப்பதில்லை.

நிலத்தடியில் ஒரு குடும்பம்

படம்பிடிப்போர் பெரிதும் விரும்பித் தேடுவது பஃபின் பறவையைத்தான். கருப்பு மேனி, வெண்ணெஞ்சு, பல வண்ணம் தீட்டினாற்போன்ற தடித்த அலகு. அந்த வண்ணத் தகடுகள் கோடைக்கு மட்டுமே உரியவை, குளிர்காலத்தில் உதிர்ந்துவிடும். ஃபார்ன் தீவுகளில் 40,000க்கும் மேற்பட்ட பஃபின் இணைகள் வாழ்கின்றன. ஒவ்வொரு இணையும் மண்ணில் வளை தோண்டி ஒரேயொரு முட்டை இடும். ஆண்டுக்கு ஒரு குழந்தை!

அந்த ஒற்றைக் குஞ்சுக்காகத் தாயும் தந்தையும் கடலுக்குச் சென்று மணல்விலாங்கு எனப்படும் சிறு மீன்களைப் பிடித்து வருகின்றன. அலகில் பத்துக்கும் மேற்பட்ட மீன்களை வரிசையாகத் தொங்கவிட்டபடி பறந்து வரும் காட்சிக்காகவே உலகெங்கும் இருந்து காமிராக்கள் வருகின்றன. நீங்கள் வளைக்கும் கடலுக்கும் இடையே நின்றுவிட்டால் என்ன ஆகும்? பஃபின் இறங்க அஞ்சி வட்டமிடும். வட்டமிடும் நேரமெல்லாம் கடற்காகங்கள் துரத்தி மீனைப் பறிக்கும். உள்ளே குஞ்சு பசித்திருக்கும். பாதையைவிட்டு இறங்கிப் புல்மேல் கால் வைத்தாலோ, கீழேயுள்ள வளையின் கூரை இடிந்து அக்குடும்பமே புதைந்துபோகக் கூடும். அங்கு மரப்பலகைப் பாதைகள் அமைத்திருப்பதன் காரணம் இதுவே.

முறையாக எடுத்த படம் பறவைக்கே பயன்படும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டு பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கம், மீனுடன் பறக்கும் பஃபின்களைப் படம் எடுத்து அனுப்புமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்து குவிந்தன. எந்தக் கடற்பகுதியில் எந்த மீன், எவ்வளவு பெரிய மீன் குஞ்சுகளுக்குக் கிடைக்கிறது என்பதை ஆய்வாளர்கள் அப்படங்களைக்கொண்டே அறிந்தனர். இப்பறவைகளின் உணவைக் காக்கும் நோக்கில், 2024இல் வடகடலின் இங்கிலாந்துப் பகுதியிலும் ஸ்காட்லாந்துக் கடல்களிலும் மணல்விலாங்கு பிடிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது.

எவ்வாறு படம் எடுப்பது?

கல்விக்காகவோ தொழிலுக்காகவோ பிரிட்டனில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோரும் இக்கரைகளுக்குச் செல்வதுண்டு. காமிரா ஏந்தும் ஆவல் உள்ளவர்களுக்குச் சில குறிப்புகள்:

காற்றைக் கவனியுங்கள். பறவைகள் காற்றை எதிர்த்தே எழும். காற்றை எதிர்த்தே இறங்கும். ஆகவே காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு நின்றால், பறவை உங்களை நோக்கியே வரும்.

உயரத்தைக் குறையுங்கள். நின்றபடி கீழ்நோக்கி எடுத்த படம் பறவையைச் சிறுமைப்படுத்தும். பாதையிலேயே மண்டியிட்டு, பறவையின் கண்மட்டத்திற்கு வாருங்கள். கண் தெளிவாக விழுந்தால் படத்திற்கு உயிர் வந்துவிடும்.

வேகத்தைக் கூட்டுங்கள். பறக்கும் பறவைக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பஃபினுக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் காமிராவின் கதவு திறந்து மூடவேண்டும்.

வெண்மையில் ஏமாறாதீர்கள். கருங்கடலின் பின்னணியில் சிறிதாகத் தெரியும் வெள்ளைப் பறவையை, காமிரா தானாகவே அளவுக்கு மிஞ்சி வெளுக்க வைக்கும். இறகின் நுண்வரிகள் மறைந்துவிடும். அப்போது ஒளியைச் சற்றுக் குறைக்க வேண்டும். வெள்ளைப் பறவையே படம் முழுவதையும் நிறைத்தால், ஒளியைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

காலை மாலைகளைப் பயன்படுத்துங்கள். ஜூன் மாதத்தில் அங்கே அதிகாலை நாலரை மணிக்கே கதிரவன் எழும். இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். சாய்ந்து விழும் பொன்னொளியில்தான் இறகுகள் மின்னும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, சபூர் வேண்டும். ஓரிடத்தில் அமைதியாக அமர்ந்திருங்கள். துரத்திச் செல்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பறவையின் முதுகுதான். காத்திருப்பவர்முன் அது தானே வந்து நிற்கும். பறவை தலையை உயர்த்தி உங்களையே உற்று நோக்கினாலோ, எச்சரிக்கைக் குரல் எழுப்பினாலோ, இரை தேடுவதை நிறுத்தினாலோ, நீங்கள் மிகவும் நெருங்கிவிட்டீர்கள் என்பது பொருள். உடனே மெல்லப் பின்வாங்குங்கள்.

சட்டமும் காவலும்

1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் கிராமப்புறச் சட்டம், அரிய பறவைகள் சிலவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. அப்பட்டியலில் உள்ள பறவையைக் கூட்டிலோ கூட்டருகிலோ வேண்டுமென்றே தொல்லைப்படுத்துவது குற்றம். படம் எடுக்க வேண்டுமாயினும் முன்கூட்டியே உரிமம் பெறவேண்டும். சிற்றாலா அத்தகைய பறவைகளுள் ஒன்று. ஃபார்ன் தீவுகளுக்குத் தெற்கே, லாங் நானி என்னும் சிற்றாறு கடலில் கலக்கும் மணற்கரையில் அது கூடுகட்டுகிறது. கோடை முழுவதும் காவலர்கள் அங்கேயே கூடாரம் அமைத்து, இரவும் பகலும் முறைவைத்துக் காத்து நிற்கின்றனர். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பறவைக்காக இத்தனை கண்விழிப்பு!

குளிர்காலத்திலும் இக்கரை வெறுமையாக இருப்பதில்லை. சற்று வடக்கே உள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவின் சேற்றுப் பரப்புகளுக்கு, வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளிலிருந்து பிரென்ட் வாத்துகள் வந்து சேர்கின்றன. அந்நாட்களில் பகற்பொழுது ஏழெட்டு மணி நேரமே நீடிக்கும். அதற்குள் வயிறு நிரம்பினால்தான் நீண்ட குளிரிரவைத் தாங்க முடியும். "எல்லாம் ஒன்றாகப் பறந்தால் படம் அழகாக இருக்குமே" என்று கைதட்டிக் கலைப்பவர், அப்பறவைகளின் இரவு உணவைப் பறிக்கிறார். மனிதருக்கும் அங்கே ஓர் எச்சரிக்கை உண்டு: அத்தீவுக்குச் செல்லும் சாலை நாளுக்கு இருமுறை கடலில் மூழ்கும். நேர அட்டவணையைப் பாராமல் சென்றோர் வாகனத்தோடு சிக்கிக்கொண்ட நிகழ்ச்சிகள் பல.

கண்ணின் நிறம் சொன்ன செய்தி

2022ஆம் ஆண்டு கோடையில் இக்கடற்கரை கண்ட துயரம் பெரிது. பறவைக் காய்ச்சல் தீவுகளெங்கும் பரவிற்று. ஃபார்ன் தீவுகளில் மட்டும் அவ்வாண்டில் 6,000க்கும் மேற்பட்ட பறவைகளின் உடல்களைக் காவலர்கள் பாதுகாப்பு உடையணிந்து அகற்றினர். ஜூலை மாதத்தில் பார்வையாளர் இறங்குவது நிறுத்தப்பட்டது. 2024 மார்ச்சில்தான் இன்னர் ஃபார்ன் தீவு மீண்டும் திறக்கப்பட்டது. அத்தனை காலமும் படகில் இருந்தபடியே பார்த்துத் திரும்ப வேண்டியிருந்தது. நோயுற்ற பறவைகளுக்கு அமைதி தேவை என்பதை உணர்ந்தோர் அதனை ஏற்றுக்கொண்டனர்.

வடக்கே, ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் என்னும் பாறைத்தீவு, கேனட் பறவைகளின் பெருங்குடியிருப்பு. 2014இல் 75,000க்கும் மேற்பட்ட கூட்டிடங்கள் அங்கே கணக்கிடப்பட்டன. நோய்க்குப் பின் 2023இல் எஞ்சியவை ஏறத்தாழ 52,000. ஆளில்லாச் சிறு விமானத்திலிருந்து எடுத்த படங்களில், வெண்பறவைகள் நெருங்கியிருந்த இடங்களில் வெற்றுப்பாறை தெரிந்தது.

அந்தத் துயரத்திடையே ஒரு வியப்பும் வெளிப்பட்டது. வெளிர்நீலக் கண்களை உடையவை கேனட்கள். 2022இல் சிலவற்றின் கண்கள் கருத்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். குருதியைச் சோதித்தபோது, கருங்கண் பறவைகளுள் பெரும்பாலானவை நோய்வாய்ப்பட்டுப் பிழைத்தவை எனத் தெரிந்தது. ஆக, தொலைவிலிருந்து எடுத்த தெளிவான ஒரு படத்தில் தெரியும் கண்ணின் நிறம், பிழைத்து எழுந்த பறவையை அடையாளம் காண உதவும். பறவையைத் தொடவும் தேவையில்லை!

வாசகர்களே! பிரிட்டனின் அரச நிழற்படச் சங்கத்தின் இயற்கைப் பிரிவு தன் உறுப்பினர்களுக்கு வகுத்துள்ள நெறிகளில் முதன்மையானது, படத்தைவிடப் படத்திற்குரிய உயிரின் நலனே முக்கியம் என்பதாகும். பொய்மாட்டின் வயிற்றுக்குள் முதுகு வளைந்து நின்ற கியர்ட்டன் சகோதரர்கள் தம் செயலால் காட்டியதும் இதுவே.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் கைப்பேசியால் பறவையைப் படம் எடுக்க ஓடும்போது, அவர்களை அருகே அழைத்து இதனை எடுத்துச் சொல்லுங்கள். முதலில் நின்று பார்க்கட்டும். பறவை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கவனிக்கட்டும். பின்பு படம் எடுக்கட்டும். படம் எடுத்து முடிந்தபின்னும் பறவை அதே இடத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தால், அந்தப் பிள்ளையை மனமாரப் பாராட்டுங்கள்.